மருந்து ஜாடிக்கு எதற்கு இத்தனை அலங்காரம்?

கேள்வி: லண்டன் அருங்காட்சியகத்தில் மறுமலர்ச்சிக் கால இத்தாலிய மருந்து ஜாடிகளைப் பார்த்தேன். நீல இலை, பறவை, மிருகம் என்று வரைந்து தள்ளியிருக்கிறார்கள். உள்ளே இருந்ததோ காய்ந்த வேரும் லேகியமும். நோயாளியிடம் காசு பிடுங்கச் செய்த வீண் ஆடம்பரம்தானே? சாதாரண மண்கலயம் போதாதா?

பதில்: போதாது. பூச்சு இல்லாத மண்கலயத்தில் எண்ணெயும் களிம்பும் வைத்துப் பாருங்கள். நோயாளிக்கு முன்னால் கலயமே மருந்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் அந்த வெள்ளைப் பூச்சு. ஒருமுறை சுட்ட ஜாடியை ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த குழம்பில் முக்கி, காய்ந்ததும் மேலே வரைந்து, மறுபடி சூளையில் வைப்பார்கள். மயோலிகா என்பது இதுதான். கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சை தரும். சுடாத பூச்சு தூரிகை பட்டதுமே நிறத்தை உறிஞ்சிவிடும். கோடு தப்பினால் அழித்துத் திருத்த வழியில்லை. அந்த ஓவியர்களைக் கொஞ்சம் மரியாதையோடு பேசலாம்.

உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஜாடிகளையும் பார்த்திருப்பீர்கள். அல்பரெல்லோ என்பார்கள். சிரியா, பாரசீகம் பக்கம் பிறந்து ஸ்பெயின் வழியாக இத்தாலிக்கு வந்த வடிவம். அலமாரியில் நெருக்கி அடுக்கினாலும் இடுப்பில் கை கொடுத்து எடுக்கலாம். வாய் விளிம்பில் தோலைப் போர்த்தி நூலால் கட்டிவிடலாம். சிரப்புக்கும் எண்ணெய்க்கும் மூக்கு வைத்த தனி ஜாடி. பலவற்றில் மருந்தின் பெயரையும் எழுதியே சுட்டார்கள். உரிந்து விழுகிற லேபிள் இல்லை.

சரி, காசு பிடுங்கிய கதைக்கு வருவோம். ஃபிளாரன்ஸில் சாந்தா மரியா நுவோவா என்ற மருத்துவமனை, 1288-இல் ஃபோல்கோ போர்ட்டினாரி நிறுவியது. ஏழைகளுக்கான தரும ஆஸ்பத்திரி. அதன் மருந்தகத்துக்காக 1431 வாக்கில் ஜுந்தா தி தூஜோ என்ற குயவரிடம் ஏறக்குறைய 1,000 ஜாடிகள் செய்யச் சொன்னார்கள். நீங்கள் சொன்ன அதே வகை: தடித்த நீலத்தில் ஓக் இலை, நடுவே பறவையோ மிருகமோ. கைப்பிடிக்குக் கீழே ஆஸ்பத்திரியின் சின்னமான ஊன்றுகோல். இங்கே யாருடைய காசை யார் பிடுங்கினார்கள்? பிரபுக்களும் பணக்கார மருந்துக்காரர்களும் பகட்டுக்காக வாங்கியதும் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக எல்லா ஜாடியையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

"காய்ந்த வேர்" என்ற இளக்காரமும் வேண்டாம். மிரோபலானி என்று அவர்கள் சேமித்து வைத்தது நம் கடுக்காய், நெல்லி, தான்றி வகையறாக்களைத்தான். இந்தியாவிலிருந்து கடல் கடந்து, பல கை மாறி, விலை ஏறிப் போன சரக்கு.

சந்தேகப்பட வேண்டிய சரக்கும் உள்ளே இருந்தது. தெரியாக்கா என்ற லேகியத்தில் விரியன் பாம்பின் இறைச்சி, அபின் உட்பட 60-க்கும் மேற்பட்ட பொருள்கள். வெனிஸில் அதை ஊரறியப் பொதுவெளியில் கிளறினார்கள். எகிப்திய மம்மியைப் பொடித்தும் மருந்தென்று விற்றார்கள். ஜாடியின் ஓவியத்தைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஜாடியையே குறை சொல்லியாக வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. பூச்சில் ஈயம் இருந்தது என்றேனே, சரியாக வேகாத பூச்சில் வினிகர் கலந்த புளிப்பு மருந்தை ஊற்றி வைத்தால் ஈயம் அதில் இறங்கும். நீங்கள் அதைக் கேட்டிருந்தால் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன்.