எல்டிஎல் 158, சுகர் இல்லை, பிரஷர் இல்லை: கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: 46 வயது ஆண். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 210, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 158. சுகரும் பிரஷரும் நார்மல், சிகரெட் இல்லை. அப்பாவுக்கு 58 வயதில் பைபாஸ். டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 எழுதித் தந்திருக்கிறார். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்களே, போடலாமா?

சிலருக்கு இந்த யோசனைக்கே இடமில்லை. ஹார்ட் அட்டாக் வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், அடைப்பால் பக்கவாதம் வந்தவர் என்றால் எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் மாத்திரை உண்டு. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கும் பெரும்பாலும் உண்டு. எல்டிஎல் 190ஐத் தொட்டுவிட்டால் வேறு எந்தக் கணக்கும் போடத் தேவையில்லை. அது பரம்பரைக் கொழுப்புக் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் இந்த மூன்றிலும் இல்லை. அதனால்தான் உங்கள் கேள்வி நியாயமான கேள்வி.

158 என்ற எண் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. மாத்திரையால் கிடைக்கும் லாபம் இரண்டு விஷயங்களின் பெருக்கல்: எல்டிஎல் எவ்வளவு இறங்குகிறது, உங்களுக்கு ஏற்கனவே எவ்வளவு ஆபத்து இருக்கிறது. பெரிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் 39 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அட்டோர்வா 10 போட்டால் உங்கள் 158 சுமார் 100க்கு வரும். அதாவது 58 புள்ளி போல இறக்கம், ஆபத்தில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான குறைப்பு. இப்போது ஒருவரின் பத்தாண்டு ஆபத்து 4 சதவீதம் என்று வையுங்கள். அவரைப் போன்ற ஆயிரம் பேரில் 40 பேருக்கு வர வேண்டியது 28 பேருக்கு வரும். 12 பேர் தப்பிக்கிறார்கள். ஆபத்து 12 சதவீதமாக இருந்தால் அதே மாத்திரை, அதே காசு, 36 பேர் தப்பிக்கிறார்கள். "30 சதவீதம் குறையும்" என்று விளம்பரம் மாதிரிச் சொல்வதும், "ஆயிரத்தில் 12 பேருக்குத்தானே" என்று தள்ளிவிடுவதும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள். இதில் பத்து வருடம் மட்டுமே வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். எல்டிஎல் செய்யும் சேதம் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவது. 46 வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் முப்பது வருடம் கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் சொந்த ஆபத்து எவ்வளவு என்று பார்ப்பது. அதற்கும் முன்னால் ரிப்போர்ட்டையே ஒரு முறை சந்தேகப்படுங்கள். ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எல்டிஎல் 5, 10 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். காய்ச்சலோ தொற்றோ இருந்தபோது எடுத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 238 கழித்தல் 38 கழித்தல் 42, வருவது 158. உங்களுடையதும் அப்படிக் கணக்கிட்டதுதான். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது, 200க்கு மேலேயே கொஞ்சம் தடுமாறும். அதனால் உங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு எண், மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்தது. உங்களுக்கு அது 200. ரத்தக் குழாயில் படியக்கூடிய கொழுப்புத் துகள் எல்லாம் அதற்குள் அடக்கம், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்திய இதயநோய்ச் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆபத்து குறைந்தவர்களுக்கே எல்டிஎல் 100க்குக் கீழ், இந்த எண் 130க்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இலக்கு. 100ஐத் தாண்டிய எல்லோரும் மாத்திரை போட வேண்டும் என்பதல்ல.

கூடவே தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்டிஎல் ஏறும். தைராய்டைச் சரிசெய்தால் கொழுப்பும் இறங்கும். இதைப் பார்க்காமல் ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் பொதுப் பெயர்) கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல். சிறுநீரில் புரதம் போகிறதா, ஸ்டீராய்டு மாதிரி வேறு மருந்து ஏதாவது ஓடுகிறதா என்பதும் கேட்க வேண்டியவை.

பத்தாண்டு ஆபத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ரிஸ்க் கால்குலேட்டர்கள் பல இருக்கின்றன. அமெரிக்காவில் போட்டது நம்மவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அங்குள்ள 2018 வழிகாட்டுதலே தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் அம்சமாகச் சேர்த்திருக்கிறது. பிரிட்டனின் க்யூரிஸ்க் 3ல் இந்தியர் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க முடியும், அதனால் ஓரளவு கிட்ட வரும். வருகிற எண்ணை வேதவாக்காக எடுக்காமல், மேலே தள்ளும் காரணங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் இதய நோய் வந்திருந்தால் அது குடும்ப வரலாறு என்பது புத்தகக் கணக்கு. உங்கள் அப்பாவுக்கு 58. கோட்டுக்கு வெளியேதான், ஆனால் கோடு மனிதர்கள் வசதிக்காகப் போட்டது. பைபாஸ் வரை போன அடைப்பு 58ல் முளைத்திருக்காது. அவர் சிகரெட் குடித்தவரா, சுகர் இருந்ததா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாமல் வந்திருந்தால் அது உங்கள் பக்கம் இன்னும் கனமாகச் சாய்கிறது. எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 210 என்ற ஜோடியும் நல்ல சகுனமில்லை. தொப்பை, பிரஷர், சுகர் எல்லாம் பின்னால் வரக்கூடும் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

இன்னும் முடிவாகவில்லை என்றால் இரண்டு பரிசோதனைகள் உதவும். ஒன்று லைப்போபுரோட்டீன் ஏ, எல்டிஎல் மாதிரியே குழாயில் படியும் இன்னொரு கொழுப்புத் துகள். பிறவியிலேயே தீர்மானமாகிவிடும் அளவு இது. சாப்பாடோ நடையோ மாற்றாது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மாத்திரைப் பக்கம் ஒரு ஓட்டு. இரண்டாவது கால்சியம் ஸ்கோர், இதய ரத்தக் குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் சிடி ஸ்கேன். ஊசி, சாயம் எதுவும் கிடையாது, சில நிமிட வேலை. பூஜ்யம் வந்தால், சுகரும் சிகரெட்டும் இல்லாதவர் மாத்திரையைத் தள்ளிப்போட்டுச் சில வருடம் கழித்து மறுபடி பார்ப்பதில் தவறில்லை. 100ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடங்கலாம். இடையில் வந்தால் தொடங்குவதே மேல், அதிலும் 46 வயதில் சுண்ணாம்பு தெரிவதே சீக்கிரம்தான். ஒரு எச்சரிக்கை: சின்ன வயதில் படிவு மெத்தென்று இருக்கும், சுண்ணாம்பு ஏறியிருக்காது. முப்பதுகளில் வரும் பூஜ்யத்தைக் கொண்டாட வேண்டாம்.

சாப்பாட்டால் எவ்வளவு முடியும்? எல்டிஎல்லில் 10 முதல் 15 சதவீதம், அதுவும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால். உங்களுக்கு 158 என்பது 135, 140 ஆகும். 100 ஆகாது. கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே செய்துகொள்கிறது. சுத்த சைவக்காரருக்கு 180 வருவது அதனால்தான். முட்டை மஞ்சள் கருவை எண்ணிக்கொண்டிருப்பதைவிட எண்ணெய்ச் சட்டியைக் கவனிப்பது பலன் தரும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு, ரேஷன் பாமாயிலில் சுமார் பாதி, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 15 முதல் 20. செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஓட்ஸ் தினம் 75 கிராம் அளவு, அல்லது இசப்கோல் இரண்டு டீஸ்பூன் நிறையத் தண்ணீரோடு என்றால் ஒவ்வொன்றும் 5 சதவீதம் போல இறக்கும். பூண்டு, வெந்தயத்தால் கெடுதல் இல்லை. அவற்றை நம்பி முடிவெடுக்கும் அளவுக்குப் பலனும் இல்லை. மாறாக டிரைகிளிசரைடு சாப்பாட்டுக்கு நன்றாகவே பணியும். சோற்றின் அளவு, சர்க்கரை, மைதா, மது இவற்றைக் குறைத்து நாலைந்து கிலோ இறக்கினால் உங்கள் 210 நன்றாகவே கீழே வரும். மூன்று மாதம் தவணை கேட்டு முயன்று பார்ப்பது உங்கள் நிலையில் நியாயம். மூன்று மாதம் மூன்று வருடமாகிவிடுவதுதான் வழக்கம், தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பயங்கள். "விட முடியாது" என்பதற்கு உடம்பு அடிமையாகும் என்ற அர்த்தம் கிடையாது. ஸ்டாட்டின் கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. பற்றாக்குறையை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் சில வாரத்தில் பழைய 158 வரும், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது. கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது வேறு கதை, அது ஆபத்து.

தசைவலிதான் எல்லோரும் சொல்லும் புகார். 2020ல் வெளியான சாம்சன் ஆய்வு இதற்காகவே நடந்தது. பக்கவிளைவால் மாத்திரையை விட்டிருந்த 60 பேருக்கு நாலு மாதம் ஸ்டாட்டின், நாலு மாதம் வெற்று மாத்திரை, நாலு மாதம் எதுவும் இல்லாத டப்பா என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அதற்காக வலி கற்பனை என்று ஆகாது, வலி நிஜம், காரணம்தான் வேறு. மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் முதல் சில வாரங்களில், இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே மாதிரி வரும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் அது மூட்டு. சந்தேகம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, போய்விட்டால் குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்கலாம். ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் நெடுநேரம் நிற்பதால் ஒன்று விட்டு ஒரு நாள் போடுவதும் உண்டு. சிறுநீர் கருத்துப் போய், உடம்பே அசைக்க முடியாதபடி வலித்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சுகர் வரும் என்பது பாதி உண்மை. 255 பேர் நாலு வருடம் போட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது என்று 2010ல் கணக்கிட்டார்கள். வருவதும் பெரும்பாலும் ஏற்கனவே எல்லையில் நிற்பவர்களுக்கு. எனவே தொடங்கும் முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பாருங்கள். 6.2 என்று வந்தால் அது மாத்திரையைத் தவிர்க்கக் காரணம் இல்லை, எடையைக் குறைக்கக் காரணம். கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி என்ற ரத்தப் பரிசோதனை ஒரு முறை பார்த்தால் போதும். மேல் வரம்பைப் போல மூன்று மடங்கு தாண்டாதவரை கவலை இல்லை. ஃபேட்டி லிவர் இருப்பவர் ஸ்டாட்டின் போடலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் போடக்கூடாது.

சீட்டை வாங்கியதும் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். நம் ஊரில் ஸ்டாட்டினோடு ஆஸ்பிரின் சேர்த்த கேப்சூல், ஃபெனோஃபைப்ரேட் (டிரைகிளிசரைடைக் குறைக்கும் மருந்து) சேர்த்த மாத்திரை எல்லாம் சரளமாக எழுதப்படுகின்றன. இதய நோய் இல்லாதவருக்கு ஆஸ்பிரின் தரும் லாபத்தை ரத்தக்கசிவு தின்றுவிடும். ஃபெனோஃபைப்ரேட் முக்கியமாக டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டி கணையத்துக்கு ஆபத்து வரும்போதுதான், 210க்குத் தேவையில்லை. உங்களுக்குத் தனி ஸ்டாட்டின் போதும். அட்டோர்வா 10, அல்லது ரோசுவா 5. ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாவின் அளவு கூடுதலாக ஏறுவதால் 5ல் தொடங்குவதுதான் முறை. இந்த இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம், இரவுக் கட்டாயம் பழைய சிம்வாஸ்டாட்டினுக்கானது. கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கோ இட்ராகோனசோல் பூஞ்சை மருந்தோ எழுதும் டாக்டரிடம் அட்டோர்வா ஓடுவதைச் சொல்லிவிடுங்கள். அது முடியும்வரை நிறுத்தச் சொல்லலாம்.

ஆக, உங்கள் கேஸில் என் சாய்வு மாத்திரைப் பக்கம், அவசரமில்லாமல். தைராய்டு, எச்பிஏ1சி, லைப்போபுரோட்டீன் ஏ பார்த்து, மூன்று மாதம் சாப்பாட்டைத் திருத்தி, அதன் பிறகும் எல்டிஎல் 130க்கு மேலே நின்றால் தொடங்குங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் கால்சியம் ஸ்கோர் எடுத்து அதன்படி முடிவெடுங்கள். தொடங்கினால் 4 முதல் 12 வாரத்துக்குள் லிப்பிட் புரொஃபைலைத் திரும்ப எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. போதாவிட்டால் டோஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும், அந்த இடத்தில் எசெட்டிமிப் 10 என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பது 20 சதவீதம் வரை இறக்கும். எல்டிஎல் அசையவே இல்லை என்றால் டோஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் அட்டையை எடுத்து, எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.