கேக்குறது தப்பில்ல, கணக்கு எங்க?

கேள்வி: தொற்றுநோயை ஒழிக்கப் போறோம்னு சொல்லிட்டு ஒரு அரசாங்கம் வெளிநாட்டு அமைப்புகள்கிட்ட போய் நிதி கேக்குதே, இது கோட் சூட் போட்ட பிச்சைதானே? வர்ற காசும் கடைசில யாரோ நாலு பேர் பாக்கெட்டுக்குத்தானே போகும்?
– ஒரு வாசகர்

பதில்: முதல் பாதிக்கு முதல்ல வர்றேன். பிச்சை இல்ல. பிச்சைன்னா போடறவருக்கு லாபம் இருக்கக்கூடாது, இங்க நல்லாவே இருக்கு. பெரியம்மையை எடுத்துக்குங்க, 1967ல உலக சுகாதார நிறுவனம் தீவிரமா இறங்கி, 1980ல ஒழிஞ்சாச்சுன்னு அறிவிச்சாங்களே, அதுக்கு ஆன மொத்தச் செலவே சுமார் 30 கோடி டாலர்தான். அதுலயும் வெளிநாட்டுப் பணம் மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கை நோய் இருந்த நாடுங்களே, பெரும்பாலும் ஏழை நாடுங்க, தங்க கையில இருந்து போட்டுச்சு. குடுத்த பணக்கார நாடுங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னா, பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மை குத்திக்கிட்டிருந்த செலவு அடியோட நின்னு போச்சு. இதுல யாரு யாருக்குப் பிச்சை போட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

அதனால கேக்கறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. வெட்கப்பட வேண்டிய இடம் வேற, நீங்க அதைக் கேக்கவே இல்ல.

அந்த மூணுல ரெண்டு பங்கு இப்ப எங்க போச்சு? இதுதான் கேள்வி. எய்ட்ஸ், டிபி, மலேரியா மூணுக்குமா 2002ல ஆரம்பிச்ச குளோபல் ஃபண்ட்னு ஒரு சர்வதேச நிதி அமைப்பு இருக்கு, அதுல ஒரு விதி, நாங்க தர்றோம், ஆனா நீயும் உன் பட்ஜெட்ல சுகாதாரத்துக்குப் போடறதைக் கூட்டிக்கிட்டே வரணும், இல்லன்னா ஒரு பகுதியைப் பிடிச்சு வெச்சுக்குவோம்னு. இப்படி விதி போட வேண்டி வந்ததுக்குக் காரணம் இருக்கு. 2010ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, சுகாதாரத்துக்குன்னு அரசாங்கத்தோட கைக்குப் போன ஒவ்வொரு டாலருக்கும் அந்த அரசாங்கங்க சொந்தச் செலவுல 43 சென்ட்ல இருந்து 1.14 டாலர் வரைக்கும் குறைச்சுக்கிச்சுன்னு. (அந்தக் கணக்கு சரியில்லன்னு சண்டை போட்ட ஆராய்ச்சியாளர்களும் உண்டு, அதையும் சொல்லிடணும்.) அண்ணன் ஃபீஸ் கட்டறான்னு தெரிஞ்சதும் அப்பா தன் பங்கை நைசா நிறுத்திக்கிட்ட கதைதான். ஆப்பிரிக்க நாட்டுத் தலைவருங்க 2001ல நைஜீரியாத் தலைநகர் அபுஜாவுல கூடி, பட்ஜெட்ல 15 சதவீதம் சுகாதாரத்துக்குன்னு கையெழுத்துப் போட்டாங்க, அதைச் செஞ்சு காட்டினது விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

சரி, வெளிக்காசை நம்பியே ஓட்டிட்டா என்ன ஆகும்? ருமேனியாவைப் பாருங்க. வருமானம் கூடிப்போச்சு, இனிமே உனக்குத் தேவையில்லன்னு 2010ல எச்ஐவிக்கான குளோபல் ஃபண்ட் பணம் முடிஞ்சுது, போதை ஊசி போட்டுக்கறவங்களுக்கு சுத்தமான ஊசி குடுத்துக்கிட்டிருந்த திட்டங்களை அரசாங்கம் எடுத்து நடத்தல. புதுசா எச்ஐவி வந்தவங்கள்ல ஊசி போதைக்காரங்க பங்கு 2010ல 3 சதவீதம், 2013ல கிட்டத்தட்ட 30 சதவீதம். புது ரக போதை மருந்துங்க பரவினதும் காரணம்தான், ஆனா ஊசி குடுக்கற ஆளு அங்க இருந்திருந்தா இந்த அளவு போயிருக்காது.

அது ஒரு நாடு. 2025 ஜனவரி 20ல அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டு வெளிநாடுகளுக்கான வளர்ச்சி உதவியை 90 நாள் நிறுத்தினாரே, அப்ப எத்தனை நாட்டுல கிளினிக் பூட்டிக்கிச்சு, ஆளுங்க வேலையில்லாம வீட்டுக்குப் போனாங்க. மருந்து குடோன்ல இருக்கும், எடுத்துக் குடுக்கற நர்ஸுக்கு சம்பளம் அந்த வெளிக்காசுல இருந்து வந்தது, அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. இனிமே பழைய அளவுக்கு வரும்னும் நம்ப முடியல, குளோபல் ஃபண்டுக்கு 2022ல 1,570 கோடி டாலர் தர்றோம்னு உலக நாடுங்க வாக்குக் குடுத்துச்சு, 2025 நவம்பர்ல கேட்டது 1,800 கோடி, கிடைச்ச வாக்கு 1,134 கோடி.

அதனால ஒரு அமைச்சர் இத்தனை கோடி வாங்கிட்டு வந்துட்டேன்னு மேடையில சொன்னா கைதட்டறதுக்கு முன்னாடி கேளுங்க: நாம எவ்வளவு போடறோம், அந்தப் பணத்துல வேலைக்கு எடுத்த ஆளுங்க சம்பளம் எந்த வருஷத்துல இருந்து நம்ம பட்ஜெட்டுக்கு வருது? பதில் இல்லன்னா அவர் வாங்கினது நாள் குறிக்காத ஒரு கெடு.

இப்ப ரெண்டாவது பாதி, பாக்கெட். திருட்டு நடந்திருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல. உகாண்டாவுல 2005 ஆகஸ்ட்ல நிர்வாகம் சரியில்லன்னு குளோபல் ஃபண்ட் எல்லா நிதியையும் நிறுத்துச்சு, சில மாசம் கழிச்சுதான் திரும்பத் திறந்துச்சு. ஆனா "திருடுவாங்க, அதனால கேக்காதே"ன்னு நீங்க சொல்ல வர்றீங்களே, அதோட விலையை அமைச்சரா கட்டுவாரு? டிபிக்கு வழக்கமா ஆறு மாசம் மாத்திரை, நடுவுல நின்னா மருந்துக்கு அடங்காத டிபியா மாறலாம், அது இருமல்ல பக்கத்து ஆளுக்கும் போகும். திருடனைப் பிடிக்க வழி இருக்கு. குளோபல் ஃபண்டுக்கு விண்ணப்பம் போடற குழுவுல அதிகாரிங்க மட்டும் இல்லாம நோயாளிகளோட பிரதிநிதிகளும் உக்காரணும்னு விதி, தணிக்கை பண்ண தனி இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸே வெச்சிருக்காங்க, அவங்க அறிக்கை எந்த நாட்டுல எந்தக் கணக்கு இடிக்குதுன்னு பொதுவுலயே வருது. யாரு பாக்கெட்டுன்னு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னா அங்க போய்ப் பாருங்க, என்கிட்ட கேட்டா எனக்குத் தெரிஞ்ச பேரை வெச்சு நான் வதந்திதான் கிளப்ப முடியும்.