பரங்கிக்காய்ல பம்ப்கின் பையும் பால்கூட்டும்

கேள்வி: அக்கா, நியூஜெர்சியில இருக்கேன். இந்த தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழக்கிழமை இங்க நடக்கிற நன்றி சொல்ற விருந்து) எங்க வீட்ல 12 பேர். டர்க்கியை, அதான் வான்கோழியை, வீட்டுக்காரரோட பிரெண்டு செஞ்சு எடுத்துட்டு வர்றேன்னுட்டாரு, பரங்கிக்காய் ஐட்டம் பூரா என் தலையில. பையனுக்கு பம்ப்கின் பை (மாவு ஓட்டுல பரங்கிக்காய் விழுது ஊத்தி சுடுற இனிப்பு) வேணுமாம், ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமியார் முட்டை தொடமாட்டாங்க. ஹாலோவீன் பேய் விழா அலங்காரத்துக்கு வாங்குன பெரிய பூசணி வாசல்லயே கிடக்கு, அதையே வெட்டிரலாமா?

பதில்: வெட்டாதீங்கம்மா! கண்ணு மூக்கு செதுக்கி வச்சதுன்னா இந்நேரம் உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும், நேரா குப்பைக்குத்தான். செதுக்காததா இருந்தாலும் அது அழகுக்கு வளர்க்கிற காய், நாரும் தண்ணியுமா இருக்கும், இனிப்பே இருக்காது. கடையில பை பம்ப்கின், சுகர் பம்ப்கின்னு சின்னதா ஒண்ணரை ரெண்டு கிலோவுல இருக்கும் பாருங்க, அதுல ரெண்டு வாங்குங்க. அது கிடைக்கலைன்னா பட்டர்நட் ஸ்குவாஷ், நம்ம ஊர் மஞ்சப்பூசணிக்கு சொந்தக்காரன்தான் அவன்.

காயை ரெண்டா பிளந்து விதையை எடுத்துட்டு, வெட்டுன பக்கம் தட்டுல படுற மாதிரி கவுத்து 400 டிகிரி ஓவன்ல முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் விடுங்க (அங்க எல்லாம் பாரன்ஹீட் கணக்குதானே). தோல் சுருங்கி விரல் வச்சா அமுங்கணும். சதையை ஸ்பூன்ல வழிச்சு அரைச்சு, துணியில கட்டி ஒரு மணி நேரம் தொங்க விட்ருங்க, தண்ணி வடியாம பை செஞ்சா அடிமாவு ஊறி களி மாதிரி ஆயிரும்.

முட்டை போடாத பைக்கு 425 கிராம் விழுது, 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், கார்ன்ஃப்ளார் 3 டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சுக்குத்தூள் அரை, கிராம்புத்தூள் கால், ஒரு சிட்டிகை உப்பு. கட்டி இல்லாம அடிச்சு பை கிரஸ்ட்ல (அடிமாவு ஓடு) ஊத்தி 425 டிகிரியில 15 நிமிஷம், அப்புறம் 350க்கு குறைச்சு இன்னொரு 40 நிமிஷம். எடுக்கும்போது நடுவுல லேசா தளதளன்னு ஆடும், பயப்படாதீங்க. ராத்திரி பூரா பிரிட்ஜ்ல இருந்தாத்தான் துண்டு போட வரும், அதனால புதன்கிழமையே செஞ்சு வச்சிருங்க, வியாழக்கிழமை ஓவன்ல இடத்துக்கு அடிதடிதான். முக்கியமா ஒண்ணு, ரெடிமேட் கிரஸ்ட் சிலதுல லார்டுன்னு பன்னிக்கொழுப்பு சேர்த்திருப்பாங்க, மாமியாருக்குன்னா லேபிளைப் படிக்காம வாங்காதீங்க.

டின்ல வர்ற விழுது வாங்குனாலும் தப்பில்ல, ஆனா ஒரு வாட்டி நான் டல்லாஸ்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப பக்கத்துல இருந்த பம்ப்கின் பை மிக்ஸை எடுத்துட்டு வந்து சாம்பார்ல கொட்டிட்டேன்... அதுல சர்க்கரை, பட்டை, கிராம்பு எல்லாம் ஏற்கனவே போட்டிருக்கான்! மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டு எந்திரிச்சாரு, பாவம்.

இன்னொரு காய்ல பால்கூட்டு வைங்க. தோல் சீவி பெரிய துண்டா வெட்டி, கொஞ்சமா தண்ணி, உப்பு போட்டு குழையாம வேகவச்சு, ஒரு கப் பால்ல ஒரு டீஸ்பூன் அரிசிமாவு கரைச்சு ஊத்தி சிம்ல ஒரு கொதி. துளி வெல்லம். தேங்காய் எண்ணெய்ல கடுகு, உளுந்து, வரமிளகாய், கருவேப்பிலை தாளிச்சா முடிஞ்சது. பை இல்லாத தேங்க்ஸ்கிவிங்கான்னு யாராவது கேட்டா சொல்லுங்க, முதல் தேங்க்ஸ்கிவிங்னு சொல்ற 1621 பிளிமத் விருந்துல, இங்கிலாந்துல இருந்து வந்து குடியேறுனவங்களுக்கே பை செய்ய ஓவன் கிடையாது.

கேள்வி: டொரன்டோல எங்களுக்கு அக்டோபர் ரெண்டாவது திங்களோட தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சிருச்சு. அரைச்ச விழுது ரெண்டு கப் ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கு, என்ன பண்றது?

பதில்: கோதுமை மாவுல தண்ணிக்குப் பதிலா அதைப் போட்டு உப்பு, ஓமம், மிளகாய்த்தூள் சேர்த்து பூரிக்குப் பிசைங்க. மாவு கெட்டியா இருக்கணும், உடனே பொரிச்சிரணும், வச்சா இளகிரும்.

கேள்வி: எங்க கோயமுத்தூர்ல அரசாணிக்காய்ங்கிறோம், தஞ்சாவூர்க்கார மருமக பரங்கிக்காய்ங்கிறா. ரெண்டும் ஒண்ணா?

பதில்: ஒண்ணேதான். அமெரிக்காவுல இருந்து பரங்கியர்னு சொல்ற ஐரோப்பியர் கப்பல்ல வந்த காய், அதான் பரங்கி. யார் பேர் சொன்னாலும் குழம்பு ஒண்ணுதான், ஆனா மருமக முன்னாடி அரசாணின்னே சொல்லுங்க, நானும் கொங்குப் பக்கம்தான்!