பாட்டுக்குக் கீழே இருக்கும் பெயர்கள்

இசை கேள்வி-பதில். பதில் சொல்பவர் பெங்களூரு ஸ்ரீராம்புரத்துக்காரர். இந்திராநகர், கோரமங்களா பக்கத்து மேடைகளில் சவுண்ட் மிக்சிங் செய்கிறவர்.

ஐ.டி.யில் வேலை. விஜயநகரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போய் வருகிறேன். எலக்ட்ரானிக், ஆல்டர்னேட்டிவ் பாப் பிடிக்கும். ஆனால் ஆப் திருப்பித் திருப்பி ஒரே மாதிரிப் பாட்டையே தருகிறது. அதிகம் பேர் கேட்காத, பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி இசையை எப்படிக் கண்டுபிடிப்பது?
— விஜயநகர் வாசகர்

ஆப்பைத் திட்டிப் பிரயோசனமில்லை. நீங்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கள்தோறும் 30 பாட்டு பொறுக்கித் தருகிறது அல்லவா? உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் சேர்த்து வைத்திருப்பதிலிருந்து எடுத்து உங்களுக்குப் பரிமாறுவதுதான் அதில் பெரும்பகுதி. இருநூறு பேர் மட்டும் கேட்ட பாட்டு அந்தக் கணக்குக்குள் நுழைவது கஷ்டம். நீங்கள் தேடுவதோ அந்த இருநூறு பேர் கேட்ட பாட்டை.

எனக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதே மாதிரி இன்னொன்றைத் தேட மாட்டேன். அதில் யார் யார் வேலை செய்தார்கள் என்று பார்ப்பேன். டிரம்ஸ் யார், மிக்ஸ் யார், வெளியிட்ட லேபிள் எது? மேடைக்கு எதிரே மிக்சரைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு வருகிற புத்தி இது. போஸ்டரில் பாடகர் பெயர்தான் பெரிதாக இருக்கும். கச்சேரி முடிந்து கேபிள் சுற்றும்போது நான் பேசிக்கொண்டிருப்பது டிரம்மரிடம்.

கொல்கத்தாவின் பாரேக் அண்ட் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிஷய் பாரேக் பாட்டு, ஜிவ்ராஜ் சிங் டிரம்ஸ். இனிப்பான, சுத்தமாகத் துடைத்து வைத்த ட்ரீம் பாப். இது பிடித்தவருக்கு ஆப் இன்னும் பத்து இனிப்பு எடுத்து வைக்கும். அதை விட்டுவிட்டு ஜிவ்ராஜ் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அவர் மும்பையின் சாண்ட்யூன்ஸ், அதாவது சனாயா அர்தேஷிருடன், ஜோடியாக மேடை ஏறியிருக்கிறார். அந்தப் பக்கம் மின்சாரத்தில் ஒலி உண்டாக்குகிற சிந்தசைசர், இந்தப் பக்கம் ஆள் அடிக்கிற நிஜ டிரம்ஸ். அங்கிருந்து சனாயாவின் தனி ஆல்பங்கள். திரும்பி வந்து ஜிவ்ராஜின் வீட்டுப் பக்கம் போனால், அவருடைய அம்மா ஜெயஸ்ரீ சிங், ஸ்கின்னி ஆலி குழுவின் பாடகி. அதே குடும்பம் பிங்க்நாய்ஸ் என்ற பெயரில் கரடுமுரடான எலக்ட்ரானிக் சோதனைகளும் செய்தது. மகனின் இனிப்புக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது! இந்தத் தாவலை எந்த ஆப்பும் உங்களுக்குச் செய்து தராது.

லேபிளைப் பிடித்துக்கொண்டும் போகலாம். பாரேக் அண்ட் சிங்கின் ‘ஓஷன்’ ஆல்பத்தை வெளிநாட்டில் கொண்டுபோனது லண்டனின் பீஸ்ஃப்ராக். 90-களில் டெக்னோ இசைத்தட்டுகள் போட்டுப் பேர் வாங்கிய லேபிள் அது. பிறகு ஹோசே கொன்சாலஸின் அமைதியான கிட்டார் பாட்டுகளையும் வெளியிட்டது. சின்ன லேபிள்களை நடத்துவது ஒருவரோ இருவரோதான். அவர்கள் காதுக்குப் பிடித்ததைத்தான் போடுவார்கள். ஒன்று உங்களுக்கு ஒத்துப்போனால் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை கேட்டுவிடலாம்.

உள்ளூரிலேயே ஆரம்பிக்க வேண்டுமா? சல்க் ஸ்டேஷன். தன்வி ராவ், ராகுல் கிரி என்ற இரண்டு பேர். 2012-ல் வந்த ‘டில் யூ அப்பியர்’ ஆல்பத்தை இரவில், விளக்கு அணைத்துக் கேளுங்கள். மெதுவான பீட்டுக்கு மேலே ஹிந்துஸ்தானி சாயலில் ஒரு குரல் இழையும். அப்புறம் ராகுல் கிரியைப் பின்தொடருங்கள். அவர் நடத்திய கன்சாலிடேட் என்ற லேபிள் வழியாக இந்த ஊரில் படுக்கையறையில் உட்கார்ந்து பீட் போடுகிற ஒரு கூட்டமே உங்களுக்கு அறிமுகமாகும்.

பெயர்களை எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்து மூன்று புள்ளியை அழுத்தினால் கிரெடிட்ஸ் வரும், அரைகுறையாகத்தான் இருக்கும். டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தில் இசைத்தட்டு சேகரிக்கிறவர்கள் அட்டையில் இருப்பதை வரிக்கு வரி ஏற்றி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது, கலைஞர்களே ஆல்பம் விற்கிற பேண்ட்கேம்ப் தளம். அங்கே ஆல்பத்துக்குக் கீழேயே அதை வாங்கியவர்களின் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் அந்த ஆள் வேறு என்னென்ன காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று மொத்தமும் தெரியும். சும்மா லைக் போட்டவரை நான் நம்புவதில்லை, பர்ஸைத் திறந்தவரை நம்புவேன்.

இணைய வானொலியை மறந்துவிடாதீர்கள். லண்டனில் 2011-ல் தொடங்கிய என்டிஎஸ், டெல்லியில் 2017-ல் தொடங்கிய பாக்ஸ்அவுட் எஃப்எம் இரண்டிலும் பாட்டை ஒரு மனிதர் தேர்ந்தெடுக்கிறார். என்டிஎஸ்ஸில் பழைய நிகழ்ச்சிகளை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பாட்டுப் பட்டியலும் கூடவே இருக்கும். நேரலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் லண்டன்காரர்களின் ராத்திரி எட்டு மணிக்கு நாம் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும். ஒயிட்ஃபீல்டு வேலைக்கு அது ஆகாது.

மகன் பி.யூ.சி. படிக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு வார்த்தையே இல்லாத ‘டொம் டொம்’ கேட்கிறான். லேப்டாப்பில் தானே ஏதோ செய்கிறான். இது இசைதானா? வெளிநாட்டு மோகம் என்கிறார் கணவர்.
— காக்ஸ் டவுன் வாசகி

அம்மா, உங்கள் கணவரிடம் சரண்ஜித் சிங் என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள். மும்பையில் ஹிந்தி சினிமாப் பாட்டுகளுக்கு கிட்டார் வாசித்தவர். 1982-ல் ரோலண்டு கம்பெனியின் டிபி-303 (பேஸ்), டிஆர்-808 (டிரம்ஸ்) இயந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது வாங்க ஆளில்லை. அதே 303-ஐ வைத்து சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசையே பிறந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. 2010-ல் ஒரு டச்சு லேபிள் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதைக் கேட்டால் பைரவியும் உண்டு, உங்கள் மகனின் டொம் டொம்மும் உண்டு.

அதற்கும் முன்னால் அகமதாபாத்தின் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் 1969-லேயே ஒரு மூக் சிந்தசைசர் ஸ்டூடியோ இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து நிறுவியது. கீதா சாராபாய் உள்ளிட்ட நம் ஆட்கள் அங்கே பதிவு செய்த நாடாக்கள் 2023-ல் ஆல்பமாக வந்திருக்கின்றன. தமிழர்களுக்கோ சொல்லவே வேண்டாம். 1986-ல் ‘புன்னகை மன்ன’னுக்கு இளையராஜா கணினியை வைத்துக்கொண்டு இசையமைத்தபோது யாரும் வெளிநாட்டு மோகம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

என் மாமா ஸ்ரீராம்புரத்தில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார். மாரியம்மன் திருவிழா, காது குத்து, எல்லாவற்றுக்கும் போவார்கள். தபலாக்காரர் வராத நாளில் ஆக்டோபேடுதான் தபலா, டோலக், தவில் எல்லாம். அதுவும் ரோலண்டுதான். எதிரே உட்கார்ந்து கேட்ட பாட்டிமார் யாருக்கும் எலக்ட்ரானிக் என்று தோன்றியதே இல்லை.

மகனிடம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், தப்பில்லை. காது பத்திரம் என்பது மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: மணிக்கணக்காக முழுச் சத்தத்தில் ஹெட்போன் வேண்டாம்.

இதெல்லாம் தமிழில் உண்டா?
— அல்சூர் வாசகர்

உண்டு, ஆனால் எலக்ட்ரானிக் பாப்பில் நம் ஆட்கள் துணிந்து விளையாடியது அதிகம் கடல் தாண்டித்தான் என்பது என் கணிப்பு. லண்டனின் பாடகி எம்.ஐ.ஏ., ஈழத்தமிழர். 2007-ல் வந்த அவருடைய ‘கலா’ ஆல்பத்தில் உறுமி கேட்கும், நன்றாகச் சத்தமாகவே கேட்கும். ஆல்பத்துக்கு அவர் வைத்தது அம்மாவின் பெயர். பிரியா ராகு சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். வீட்டாரே சேர்ந்து தமிழ் சினிமாப் பாட்டுக் கச்சேரி செய்த குடும்பம். என் மாமா கேட்டிருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார். 2023-ல் வந்த அவர் ஆல்பத்தின் பெயரும் அதுதான், ‘சந்தோஷம்’. தயாரிப்பில் அவர் அண்ணன் ஜாஃப்னா கோல்ட். ஆங்கிலமும் தமிழும் ஆர் அண்ட் பியும் அடுத்தடுத்து வரும், ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது.

சென்னையின் எஃப்16ஸ் அருமையான ஆல்டர்னேட்டிவ் பாப் குழு, ஆனால் பாடுவது ஆங்கிலத்தில். பெங்களூருவில் தமிழில் சிந்தசைசர் பாப் போடுகிற பையன்களும் பெண்களும் இருந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கேட்டுவிட்டு நிஜத்தைச் சொல்வேன்.

எனக்கு 23 வயது. நண்பர்கள் யாருக்கும் இந்த இசையில் ஆர்வமில்லை. கச்சேரிக்குத் தனியாகப் போகலாமா? போனால் விசித்திரமாகப் பார்ப்பார்களா?
— வித்யாரண்யபுரம் வாசகி

போங்க. ஒருவரும் பார்க்க மாட்டார்கள், எல்லோரும் மேடையையோ போனையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; மது பரிமாறும் இடங்களில் பெரும்பாலும் 21 வயது கேட்பார்கள். கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்னாடியே பார்த்துவிடுங்கள், மெயின் குழு எப்போதும் லேட்டாகத்தான் ஏறும்.

ஆனால் நீங்கள் லேட்டாகப் போகாதீர்கள். முதலில் வாசிக்கிற, பெயர் தெரியாத குழுவைக் கேட்பதற்காகவே சீக்கிரம் போங்கள். புதுசு தேடுகிறவருக்கு அந்த நாற்பது நிமிடம்தான் முக்கியம். 2019-ல் மூடிவிட்ட இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ போன்ற இடங்களுக்கு நான் விசுவாசமாகப் போனது அதற்காகத்தான். பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்க யாரை அழைக்கலாம் என்பதைப் பல சமயம் அந்தக் குழுவே சொல்லும். அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. நிற்க நல்ல இடம் வேண்டுமானால் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சத்தம் சரியாக விழுவது அங்கேதான், ஏனென்றால் அங்கே நின்றுதான் நாங்கள் சரி செய்கிறோம். தண்ணீர் டம்ளரை மட்டும் மிக்சர் மேல் வைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஆப்பில் கேட்டால் கலைஞருக்குக் காசு போகிறதா? வாங்கினால்தான் போகிறதா?
— ஜாலஹள்ளி வாசகர்

சின்னக் கலைஞர் என்றால் வாங்குங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை ஒலிக்காவிட்டால் அந்தப் பதிவுக்கான பணமே (ராயல்டி) கிடையாது. இங்கே நான் மிக்ஸ் செய்து கொடுக்கும் குழுக்களில் பாதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் ஆல்பத்தில் 15 சதவீதம், டி-ஷர்ட், கேசட் மாதிரிப் பொருளில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றச் செலவு போக மீதி கலைஞருக்கு. 2020-லிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது, காத்திருந்து வாங்கலாம். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் பணம் போகாது.

போன் ஸ்பீக்கரில் எலக்ட்ரானிக் இசை சப்பென்று இருக்கிறது. என்ன வாங்கலாம்?
— மத்திகெரே வாசகர்

சப்பென்றுதான் இருக்கும். இந்த இசையின் உயிர் அடி பேஸில், 40, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் அந்த நகம் அளவு ஸ்பீக்கரால் அதைத் தொடவே முடியாது. நீங்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காசு குறைவென்றால் காதை மூடி உட்காருகிற ஒயர் ஹெட்போன். ஸ்பீக்கர் என்றால் எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். ஞாயிறு வேண்டாம், பல கடைகள் சாத்தியிருக்கும். கடைக்காரர் தன் பென்டிரைவைச் சொருகி சினிமா குத்துப்பாட்டு போட்டுக் காட்டுவார், அதற்கு எந்த டப்பாவும் அதிரும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போனில் கொண்டுபோய் அதைப் போடச் சொல்லுங்கள். பேஸ் தனியாகவும் குரல் தனியாகவும் கேட்டால் விலை பேசலாம்.