மே மாதப் புழுக்கம் ஏன் மழையாவதில்லை?

கடலூரில் மே மாதம் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. காற்றில் அவ்வளவு ஈரம் இருந்தும் மழை ஏன் ஐப்பசி வரை காக்க வைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சில்வர் பீச்சில் வியர்த்து நின்றவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் இது.

நீராவி வெறும் சரக்கு. அது மழையாக வேண்டுமானால் காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். மே மாதக் கடற்காற்றின் ஈரம் பெரும்பாலும் தரையை ஒட்டிய அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. மேலே மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று மூடி போட்டுவிடுகிறது. எப்போதாவது மாலையில் மூடி உடைந்தால் இடிமழை. தென்மேற்குப் பருவக்காற்றோ தன் ஈரத்தில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு வருகிறது.

இன்னொரு கணக்கு எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் நம் தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்தாலும் 6 செ.மீ. அளவுக்குத்தான் தண்ணீர் தேறும். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. மீதி எங்கிருந்து வந்தது? வங்கக் கடலிலிருந்துதான். நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் காற்று மேலும் எழுகிறது. கீழே அழுத்தம் குறைந்து, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. கரையேறிய புயல் பல மணி நேரம் நகராமல் நின்றதால் அத்தனையும் ஒரே வட்டாரத்தில் இறங்கியது.

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை நாட்கள் கூடும் என்று பொருளில்லை. பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும் வாய்ப்புதான் கூடுகிறது.