விழுவது மைஎஸ்கியூஎல், தள்ளுவது அப்பாச்சி

கேள்வி: 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) உபுண்டு 22.04, அப்பாச்சி (வெப் சர்வர்), மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்), பிஎச்பி எல்லாவற்றையும் நானே நிறுவி, எங்கள் ஜவுளிக்கடைக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், பெரும்பாலும் பின்னிரவு இரண்டு மணிவாக்கில், டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்ற ஒரு வரி மட்டும் தளத்தில் நிற்கிறது. கன்ட்ரோல் பேனலில் போய் ரீபூட் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. டிஎம்எஸ்ஜி (dmesg) கட்டளை போட்டுப் பார்த்தேன், பிழை எதுவும் இல்லை. 4 ஜிபி திட்டத்துக்கு மாறிவிடு என்கிறார் நண்பர். மாறத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் மெமரி தீர்ந்துபோவதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் சர்வர் இன்று இருக்கும் அமைப்பில் 4 ஜிபியையும் தின்றுவிடும். காசைக் கொட்டிய பிறகும் இதே வரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் இது மெமரிதானா என்று லாக்கைப் பார்த்து உறுதிசெய்துகொள்வோம்.

டிஎம்எஸ்ஜியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் நீங்கள் கொடுக்கும் ரீபூட். சர்வர் கடைசியாகத் தொடங்கிய (பூட் ஆன) பிறகு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, சொன்ன செய்திகளை மட்டுமே அந்தக் கட்டளை காட்டும். சர்வர் மறுபடி எழுந்ததும் பழையவை அதில் இருக்காது. ஆனால் உபுண்டு அவற்றை டிஸ்கிலும் எழுதிவைக்கிறது. ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு ‘-கே’, ‘-பி -1’ என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இதற்கு முந்தைய பூட்டில் கெர்னல் சொன்னவை வரிசையாக வரும். கெர்ன் லாக் கோப்பிலும் அதே வரிகள் இருக்கும். தேடும்போது நேரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். விபிஎஸ்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் பின்னிரவு 2 மணி அங்கே முந்தைய நாள் 20:30. பலர் 02:00 என்று தேடி, எதுவும் கிடைக்காமல், லாக் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நீங்கள் தேட வேண்டிய வரி ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கி, எந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) கொல்லப்பட்டது என்பதைச் சொல்லும். அதில் மைஎஸ்கியூஎல்டி என்ற பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அங்கேயே நிறுத்திவிட்டு மைஎஸ்கியூஎல்லை வையாதீர்கள். லினக்ஸ் கெர்னல் கையில் இருக்கும் ராமைவிட அதிகமாகவே மெமரியை வாக்களித்துவிடும். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்ட அத்தனையையும் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு பொய்த்துப்போனால், யாரையாவது கொன்று இடம் பிடித்தாக வேண்டும். அப்போது ஒவ்வொரு பிராசஸும் எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று பார்த்து, தனியாளாகப் பெரியவரைக் கொல்லும். மைஎஸ்கியூஎல் ஒரே பிராசஸ், 400 எம்பி. அப்பாச்சி பதினைந்து பிராசஸ், ஆளுக்கு 50 எம்பி. மொத்தத்தில் அப்பாச்சிதான் அதிகம் வைத்திருக்கிறது, ஆனால் தலை உருளுவது மைஎஸ்கியூஎல்லுடையது.

இதை ஊகமாக விட்டுவிட வேண்டாம். கொலை வரிக்கு மேலே சில பத்து வரிகளுக்கு ஒரு அட்டவணை இருக்கும். அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருந்த எல்லா பிராசஸ்களும் அதில் வரிசையாக இருக்கும். ஆர்எஸ்எஸ் (ராமில் பிடித்திருக்கும் அளவு) என்ற பத்தியில் உள்ள எண்கள் கேபி அல்ல, மெமரிப் பக்கங்கள். ஒரு பக்கம் 4 கேபி. 12,800 என்று போட்டிருந்தால் 50 எம்பி. அப்பாச்சி2 என்று முடியும் வரிகளை எண்ணுங்கள், அவற்றின் ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டி நான்கால் பெருக்குங்கள். அந்த இரவில் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தார்கள் என்பது உங்கள் கண்முன் வந்துவிடும். சர்வர் நிர்வாகத்தில் இவ்வளவு நேர்மையான சாட்சி வேறு எங்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலானோர் கடைசி வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

மைஎஸ்கியூஎல் செத்தால், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பத்தானே வேண்டும் என்று கேட்கலாம். எழுப்பத்தான் பார்க்கிறது. ஆனால் அப்பாச்சி பிடித்த இடத்தை விட்டிருக்காது. எழுந்த மைஎஸ்கியூஎல் தன் பஃபர் பூலுக்கு (தரவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) மெமரி கேட்கும், கிடைக்காது, விழும். சில முறை இப்படி ஆனதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். மைஎஸ்கியூஎல்லின் எர்ரர் லாக்கில் பஃபர் பூலுக்கு இடம் ஒதுக்க முடியவில்லை என்ற செய்தி இருந்தால் நடந்தது இதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மைஎஸ்கியூஎல்லை எழுப்பிவிடும் கிரான் ஸ்கிரிப்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். இன்னோடிபி என்ற இப்போதைய வகை டேபிள்கள் இப்படிப்பட்ட சாவிலிருந்து பெரும்பாலும் தாமாக மீண்டுவிடும். ஆனால் பாதி எழுதிய ஆர்டர் போனது போனதுதான். பழைய தளத்திலிருந்து கொண்டுவந்த, மைஐசாம் என்ற பழைய வகை டேபிள் ஏதேனும் இருந்தால் அது உடைந்தும் போகலாம். கடை நடத்துகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். உபுண்டுவில் அப்பாச்சியையும் அதற்கான பிஎச்பி மாட்யூலையும் நிறுவினால், ப்ரீஃபோர்க் என்ற முறையில் அது ஓடும். வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முழு பிராசஸ், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழு பிஎச்பி. அதிகபட்சம் எத்தனை பிராசஸ் என்பதை மேக்ஸ்ரெக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. உபுண்டுவோடு வரும் கோப்பில் அதன் மதிப்பு 150. வேர்ட்பிரஸ் ஓடும் ஒரு பிராசஸுக்கு 50 எம்பி என்று வைத்தால், 150 பிராசஸுக்கு 7,500 எம்பி. உங்களிடம் இருப்பதோ 1 ஜிபி. நண்பர் சொல்லும் 4 ஜிபியிலும் எழுபது பிராசஸோடு இடம் தீர்ந்துவிடும்.

உங்கள் எண்ணை இப்படிக் கண்டுபிடியுங்கள். 1 ஜிபி விபிஎஸ்ஸில் கெர்னல் எடுத்துக்கொண்டது போக ஏறக்குறைய 960 எம்பி மிஞ்சும். இயங்குதளத்தின் மற்ற சேவைகளுக்கு 150. மைஎஸ்கியூஎல் 8 சும்மா இருக்கும்போதே 400 எம்பி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 410. ஒரு அப்பாச்சி பிராசஸ் எவ்வளவு என்பதை, தளம் சில மணி நேரம் ஓடிய பிறகு பிஎஸ் கட்டளையில் ஆர்எஸ்எஸ் பத்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே காட்டுவது கேபி. பிராசஸ்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் மெமரியும் ஒவ்வொன்றின் கணக்கிலும் சேர்ந்தே வரும் என்பதால் எண் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பரவாயில்லை, கூடுதலாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. 50 எம்பி என்றால், 410-ஐ 50-ஆல் வகுத்து 8. மாட்ஸ்-அவைலபிள் டைரக்டரியில் உள்ள எம்பிஎம் ப்ரீஃபோர்க் கோப்பில் 150-ஐ அழித்துவிட்டு 8 என்று எழுதுங்கள். உதிரியாக எத்தனை பிராசஸ் காத்திருக்கலாம் என்ற வரிகளையும் அதற்கேற்பக் குறையுங்கள். அப்பாச்சியின் கான்ஃபிக்டெஸ்ட் ஓடவிட்டு, பிழை இல்லை என்று வந்த பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எட்டு பேர்தான் ஒரே நேரத்தில் தளத்தைப் பார்க்க முடியுமா என்ற பயம் வரும். கல்யாணப் பந்தியில் எட்டு இலைதான் போட முடியும் என்றால், ஒன்பதாவது ஆள் பட்டினியாகத் திரும்புவதில்லை, அடுத்த இலைக்குக் காத்திருக்கிறார். இங்கேயும் அப்படித்தான். கூடுதலாக வரும் இணைப்புகளைக் கெர்னல் வரிசையில் நிறுத்திவைக்கும். ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை நொடி என்றால் எட்டு பிராசஸால் நொடிக்குப் பதினாறு பக்கம் கொடுக்க முடியும். ஒரே சிபியு உள்ள விபிஎஸ்ஸில் அந்த வேகம் கிடைக்காது. அதில் கால்வாசி கிடைத்தாலும் மணிக்குப் பதினாலாயிரம் பக்கம். ஒரு கடையின் தளத்துக்கு இது தாராளம். வாடிக்கையாளர் ஒரு நொடி காத்திருப்பது வேறு, டேட்டாபேஸ் செத்து விடியும்வரை தளமே இல்லாமல் கிடப்பது வேறு.

எட்டு பிராசஸ் என்றானதும் கீப்அலைவ்டைம்அவுட் முக்கியமாகிவிடுகிறது. இயல்பான மதிப்பு 5 நொடி. பக்கத்தைக் கொடுத்து முடித்த பிறகும் அதே ஆள் வேறு ஏதாவது கேட்பாரோ என்று அந்த பிராசஸ் ஐந்து நொடி சும்மா நிற்கும். அதை 2 ஆக்குங்கள்.

மைஎஸ்கியூஎல் பக்கம் இரண்டு வேலை போதும். பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா என்ற கண்காணிப்பு வசதி மைஎஸ்கியூஎல் 8-இல் இயல்பாகவே ஓடுகிறது, நல்ல அளவு மெமரியும் எடுக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்றால் ஆஃப் செய்யுங்கள். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 151 என்று இருக்கும், 30 போதும். பஃபர் பூல் 128 எம்பி அப்படியே இருக்கட்டும், அதை மேலும் சுருக்கினால் தளம் மந்தமாகும்.

பிறகு ஸ்வாப், அதாவது ராம் போதாதபோது பயன்படுத்த டிஸ்கில் ஒதுக்கிவைக்கும் இடம். ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் வரியில் பூஜ்யம் என்று காட்டினால், 1 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கி, ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுத்து, எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரியை மறந்தால் அடுத்த ரீபூட்டில் ஸ்வாப் காணாமல் போய்விடும். ஸ்வாப்பை எவ்வளவு சீக்கிரம் நாடுவது என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பை 60-லிருந்து 10-க்குக் குறைப்பது நல்லது. ஆனால் ஸ்வாப்பை ராமாக எண்ணிக்கொண்டு பிராசஸ் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். அப்பாச்சி முழுசாக ஸ்வாப்பில் ஓட ஆரம்பித்தால் எஸ்எஸ்எச்சில் உள்ளே போய்ப் பார்க்கக்கூட முடியாத அளவுக்குச் சர்வர் திணறும். ஃப்ரீ கட்டளையைப் பார்க்கும்போது ‘ஃப்ரீ’ பத்தியில் எண் குறைவாக இருப்பதற்காகக் கலங்க வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமைக் கோப்புகளின் கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ பத்தி.

இவ்வளவும் சர்வரை விழாமல் நிறுத்தும். பின்னிரவு 2 மணிக்கு ஜவுளிக்கடைத் தளத்துக்கு அத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்ற கேள்வி பாக்கி. அப்பாச்சியின் அணுகல் லாக்கில் அந்த நேரத்து வரிகளை எடுத்து, முதல் பத்தியில் உள்ள ஐபி முகவரிகளை ஆக், சார்ட், யூனிக் என்ற கட்டளைகள் மூன்றையும் பைப்பில் கோத்து எண்ணிப்பாருங்கள். அதேபோல ஏழாவது பத்தியில் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்பதையும் எண்ணுங்கள். எக்ஸ்எம்எல்ஆர்பிசி.பிஎச்பி, டபிள்யூபி-லாகின்.பிஎச்பி என்ற இரண்டும் நூற்றுக்கணக்கில் வந்தால், வந்தவை மனிதர்கள் இல்லை, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பாட்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் வேர்ட்பிரஸ் முழுவதும் எழுந்து, டேட்டாபேஸைத் தொட்டு, 50 எம்பியைப் பிடித்துவிட்டுப் போகிறது. வேர்ட்பிரஸ்ஸின் மொபைல் ஆப்போ ஜெட்பேக் பிளகினோ நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால், முதல் கோப்பை அப்பாச்சியிலேயே ‘ரெக்வயர் ஆல் டினைடு’ போட்டு மூடிவிடுங்கள். அப்போது பிஎச்பி எழும்பாமலே 403 பதில் போய்விடும். லாகின் பக்கத்துக்கு, திரும்பத் திரும்பத் தவறும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிறுவுங்கள். வேர்ட்பிரஸ் பிளகின் வழியாகத் தடுப்பதை நான் இரண்டாம் பட்சமாகவே வைப்பேன். பிளகின் வேலை செய்வதற்குள் பிஎச்பி எழுந்து மெமரியைப் பிடித்துவிட்டிருக்கும்.

நேரம் கிடைக்கும்போது ப்ரீஃபோர்க்கை விட்டு ஈவென்ட் முறைக்கும், பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கும் மாறிவிடுங்கள். புடவைப் படம் ஒன்றைக் கொடுப்பதற்குக்கூட இப்போது 50 எம்பி பிராசஸ் ஒன்று நிற்கிறது. மாறிய பிறகு படங்களை இலேசான த்ரெட்கள் பார்த்துக்கொள்ளும், பிஎச்பி பிராசஸ்கள் மட்டும் தனியாக எண்ணி வைக்கப்பட்டிருக்கும். அதிகபட்ச பிராசஸ் எண்ணிக்கையைச் சொல்லும் எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ட்ரன் மதிப்பு உபுண்டுவில் 5 என்றே வருகிறது. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டு அதைத் தீர்மானியுங்கள். வேறொருவர் 32 ஜிபி சர்வருக்காக எழுதிய 50-ஐயும் 100-ஐயும் எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

இனி மேக்ஸ்ரெக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் எல்லையைத் தொட்டுவிட்டது என்ற வரி அப்பாச்சியின் எர்ரர் லாக்கில் வரக்கூடும். வந்தால், உடனே 8-ஐ உயர்த்தாமல் அந்த நேரத்து அணுகல் லாக்கைத் திறந்து பாருங்கள். பாட்கள் என்றால் அவற்றைத் தடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம், உண்மையான வாடிக்கையாளர்கள், பக்கம் திறக்க நேரமாகிறது என்றால் அப்போது ராம் வாங்குங்கள், முதலில் 2 ஜிபி. வாங்கிய அன்றே கணக்கையும் புதிதாகப் போடுங்கள்: 2 ஜிபியில் ஏறக்குறைய 1,950 எம்பி, அதில் முன்போல 150-உம் 400-உம் சேர்ந்த 550 கழித்தால் 1,400, ஐம்பதால் வகுத்தால் 28. மைஎஸ்கியூஎல்லின் பஃபர் பூலை 256 எம்பி ஆக்குவதென்றால் 25-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.