பெயர் அழிந்த சங்கிலி வாளும் படகு ஒயிலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோது விழுந்த மரங்களை அரிவதற்கென்று என் பெரியப்பா ஒரு பழைய சங்கிலி வாளை வாங்கினார். அவர் காலமான பின்னர் அது மூன்று வருடங்களாகச் சாக்கினால் மூடிக் கிடக்கிறது. மேற்பகுதி செம்மஞ்சள், அடிப்பகுதி சாம்பல் நிறம், பெயர்ச்சீட்டு உரிந்துவிட்டது. வளவில் முறிந்து கிடக்கும் வேப்பங் கிளைகளை அரிவதற்கு அதைப் பாவிக்க விரும்புகிறோம். அது என்ன இயந்திரம் என்று எப்படி அறிவது? பெற்றோலுக்கு எவ்வளவு ஒயில் கலப்பது? கடற்றொழிலுக்குச் செல்லும் என் மைத்துனர், படகு எஞ்சினுக்கு ஊற்றுவதையே இதற்கும் ஊற்றலாம் என்கிறார்.
— வாசகி, நிலாவெளி

பதில்: மைத்துனரின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவர் இன்று மாலையே ஊற்றிவிடக்கூடும். அதை ஊற்ற வேண்டாம். நம் கரையில் பல படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. சங்கிலி வாள் அதில் ஓடாது. அவருடைய எஞ்சின் பெற்றோலில் ஓடுவதாக இருந்தாலும் அதற்குக் கலக்கும் ஒயில் வேறு வகையானது. படகு எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. அதற்குரிய ஒயில் போத்தலில் டீசி-டபிள்யூ3 என்ற குறி காணப்படும். சங்கிலி வாளுக்கு அந்த வசதி இல்லை. தன் விசிறி தள்ளும் காற்றை மட்டும் நம்பி, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் ஓடும் எஞ்சின் அது. அந்த வெப்பத்தைத் தாங்கிப் பிஸ்டனைக் காக்கும் வகையில் படகு ஒயில் செய்யப்படவில்லை. காற்றால் குளிரும் இருவீச்சு (டூ ஸ்ரோக்) எஞ்சினுக்குரியது என்று எழுதப்பட்ட, ஜாசோ எஃப்பி, எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறி உள்ள ஒயிலை வாங்குங்கள். மோட்டார் காருக்கு ஊற்றும் ஒயிலும் உதவாது. அது எரிந்து போவதற்காகச் செய்யப்பட்டதன்று. எரித்தால் சாம்பலும் கரியும் படியும்.

இனி, இயந்திரத்தை அடையாளம் காண்பது. செம்மஞ்சள் மேற்பகுதியும் சாம்பல் நிற அடிப்பகுதியும் ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் பல காலமாகப் பாவிக்கும் நிறங்கள் என்பதனால் அது ஸ்டிலாக இருக்கலாம். அதே நிறத்திலும் அதே வடிவிலும் அச்சொட்டாகச் செய்யப்பட்ட வேறு இடத்துத் தயாரிப்பாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி உதிரிப்பாகம் வாங்கச் சென்றவர்கள் இரண்டாம் முறையும் கடைக்குச் சென்றிருக்கிறார்கள். பெயர்ச்சீட்டு உரிந்தாலும் எண்கள் எளிதில் அழிவதில்லை. ஒரு பழைய பல்துலக்கியில் சிறிது பெற்றோலைத் தோய்த்து எஞ்சின் அடிக்கூட்டின் வெளிப்புறத்தைத் துடைத்தால் உலோகத்தில் வெட்டிய தொடர் எண் வெளிப்படும். இதை வெளியில், அடுப்புக்கு அப்பால் செய்யுங்கள். அதைவிடப் பயனுள்ளது, பிளாஸ்ரிக் மூடிகளின் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருக்கும் பாக எண்ணாகும். ஸ்டில் பாகங்களில் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே குடும்பப் பெயர் போன்றவை: 1130 என்றால் எம்எஸ் 170, 180 வகை, 1123 என்றால் எம்எஸ் 210, 230, 250, 1119 என்றால் பழைய 038, எம்எஸ் 380, 381, 1106 என்றால் பெருமரம் வீழ்த்தும் 070, 090. மூடிகளைக் கழற்றியும் எங்குமே எண் தென்படாவிட்டால் போலி என்ற சந்தேகத்துடனேயே மேற்கொண்டு நடந்துகொள்ளுங்கள். போலியும் மரம் அரியும். ஆனால் அதன் பாகங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் பொருந்துவது நிச்சயமில்லை, கழற்றிய பாகத்தையே கையில் கொண்டு செல்ல வேண்டும்.

பெரியப்பாவின் கடதாசிகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2019 பெப்ரவரியில் நாட்டிலுள்ள சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையங்களில் பதியும்படி அரசு அறிவித்திருந்தது. பழைய உரிமையாளர் பதிந்திருந்தால் அந்தக் கடதாசி இயந்திரத்துடன் கைமாறியிருக்கக்கூடும். அகப்பட்டால் அடையாளமும் கிடைக்கும், பொலிஸ் நிலையத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுவது பற்றி விசாரிப்பதும் எளிதாகும்.

கலவைக்கு வருவோம். நல்ல இருவீச்சு ஒயிலாயின் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி லீற்றர். மருந்துக் கடையில் விற்கும் 20 மில்லி லீற்றர் ஊசிக்குழல் ஒன்று நிறைய எடுத்தால் அளவு சரியாக அமையும். போத்தல் மூடியால் அளப்பவர்களை நான் நம்புவதில்லை. தரம் தெரியாத ஒயில்தான் கிடைத்தது என்றால் இருபத்தைந்துக்கு ஒன்றாக, லீற்றருக்கு 40 மில்லி லீற்றர் கலப்பது பாதுகாப்பானது. புகை சற்றுக் கூடும், பிளக்கும் விரைவில் கரி பிடிக்கும். ஆனால் பிளக் மாற்றுவது எஞ்சின் மாற்றுவதைப் போல் செலவாகாது. ஒயிலை முதலில் கலனில் விட்டு, அதன்மேல் பெற்றோலை ஊற்றி, மூடிக் குலுக்குங்கள். தாங்கியில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி குலுக்குங்கள். இயந்திரத்தில் இரண்டு மூடிகள் இருப்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் பின்கைபிடிப் பக்கம் இருப்பது எரிபொருளுக்கு, முன்புறம் சங்கிலிக்கு அருகில் இருப்பது சங்கிலியை வழுவழுப்பாக்கும் சங்கிலி ஒயிலுக்கு. மூடிகளின் அருகிலுள்ள படக்குறியைப் பார்த்து உறுதி செய்த பின்னரே திறக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் முடியும் அளவே கலப்பது நல்லது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பெற்றோல் என்றால் எத்தனை காலம் கிடந்தாலும் பெற்றோல்தான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அவ்வாறன்று. அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சுவது பிசினாகி, பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபுரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். 2022இல் வரிசையில் நின்று சேர்த்த பெற்றோலைப் பல மாதம் கலனில் வைத்திருந்து பின் ஊற்றியவர்களின் காபுரேற்றர்களை நான் நிறையவே திறந்திருக்கிறேன். உங்கள் வாளில் மூன்று வருடமாகக் கிடப்பதும் அதுவாகவே இருக்கும். கயிற்றை இழுப்பதற்கு முன் தாங்கியைக் கவிழ்த்து வெறுமையாக்குங்கள். தாங்கிக்குள் குழாயின் நுனியில் இருக்கும் சிறு வடிகட்டியைக் கம்பிக் கொக்கியால் வெளியே எடுத்துப் புதிதாக மாட்டுங்கள். காற்று வடிகட்டியைத் தட்டித் துப்புரவாக்குங்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து, முனை இடைவெளியை 0.5 மில்லிமீற்றர் அளவில் வையுங்கள். இவ்வளவும் செய்து, புதிய கலவை ஊற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் காபுரேற்றருக்குள் இருக்கும் மென்படலம் காய்ந்து விறைத்திருக்கும். வாளைச் சரித்தாலும் கவிழ்த்தாலும் எஞ்சின் நிற்காமல் ஓடுவது அந்தப் படலத்தினால்தான். அதற்கான திருத்தத் தொகுதி மலிவானது, ஆனால் பொருத்துவதைப் பழகிய கையிடம் விடுங்கள்.

எரிபொருள் ஊற்றிய இடத்திலேயே இயந்திரத்தை முடுக்காமல் மூன்று மீற்றராவது தள்ளிச் செல்லுங்கள். நிலத்தில் வைத்து, பின்கைபிடிக்குள் காலை ஊன்றி, சங்கிலித் தடையைப் போட்டபடி கயிற்றை இழுக்க வேண்டும். கையில் தூக்கி ஆட்டியபடி இழுப்பவர்களைப் பார்த்துப் பழக வேண்டாம். வாளின் நுனியின் மேற்பாதி எதிலும் படக்கூடாது. பட்டால் வாள் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். வேப்பங் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது, அரியும் கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கிளையில்தான் நுனி பெரும்பாலும் முட்டுகிறது.

கேள்வி: என் சங்கிலி வாளை இரண்டு நாட்களுக்கு இரவல் கொடுத்தேன். வாங்கிச் சென்றவர்கள் ஒயில் கலக்காத பெற்றோலை ஊற்றி ஓட்டிவிட்டார்கள். நன்றாக வெட்டிக்கொண்டிருந்தபோது திடீரென நின்றதாம். இப்போது கயிறு இறுகி இழுபடவில்லை. ஒயில் கலந்து ஊற்றினால் சரியாகுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: ஆகாது. இந்த எஞ்சினுக்கு மோட்டார் சைக்கிளைப் போல் அடியில் தனியாக ஒயில் தேங்கும் இடம் கிடையாது. பெற்றோலுடன் கலந்து வரும் அந்தச் சிறிதளவு ஒயிலே பிஸ்டனுக்கும் தாங்கு உருளைகளுக்கும் வழுவழுப்பைத் தருகிறது. அது இல்லாதபோது பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரில் உரசி, அதன் அலுமினியம் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சைலன்சரைத் தாங்கும் ஆணிகளைக் கழற்றினால் அந்த வாயில் வழியாகப் பிஸ்டனின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் கீறல்கள் இருந்தால் பிஸ்டனும் வளையமும், பெரும்பாலும் சிலிண்டரும் மாற்றப்பட வேண்டியவை. பலத்தால் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டாம். சிறிய வாளாயின் இந்தச் செலவு இன்னொரு பழைய இயந்திரத்தின் விலையை எட்டிவிடும் என்பதனால், கழற்றிப் பார்த்த பின் விலை கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி இரவல் கொடுப்பதாயின், கலந்த பெற்றோலைச் சேர்த்துக் கொடுங்கள். ஒயிலில் சாயம் இருப்பதால் கலவை நிறம் மாறித் தெரியும். கலன் மாறிப்போனாலும் பார்த்தவுடன் பிடிபடும்.

கேள்வி: பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த சவண்டலை உத்தரங்களைத் துண்டாக்கினேன். அதன்பின் வாள் நேராக இறங்காமல் வலப்பக்கமாக வளைந்து வெட்டுகிறது. தூளும் மாவு போல வருகிறது. சங்கிலி புதிது.
— வாசகர், தம்பலகாமம்

பதில்: சவண்டலை நம் ஊரின் பெருமைக்குரிய மரம், வெளிநாட்டு மர வியாபாரத்தில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வழங்கியது. ஆனால் குற்றம் மரத்தில் இல்லை, அதில் புதைந்திருந்த ஆணியில் இருந்திருக்க வேண்டும். சங்கிலியின் வெட்டுப் பற்கள் இடம், வலம் என மாறி மாறி அமைந்தவை. சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டின் ஒரு பக்கமாக நின்ற ஆணியில் ஒரு வரிசைப் பற்கள் மட்டும் மழுங்கினால், கூர் மிஞ்சியிருக்கும் வரிசையின் பக்கமாக வாள் இழுத்துச் செல்லும். உங்களுடையது வலப்பக்கம் வளைவதனால் இடவரிசைப் பற்களை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய பல்லின் விளிம்பில் வெள்ளைக் கோடாக ஒளி தெறிக்கும், கூரான விளிம்பில் ஒளி தங்காது. மாவு போன்ற தூளும் மழுங்கலுக்கே சாட்சி. கூரான சங்கிலி மரத்தைச் சீவல்களாகத்தான் எறியும்.

அரம் பிடிப்பதற்கு முன் எந்த அரம் என்று அறிய வேண்டும். சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் அடுத்தடுத்த மூன்று தறையாணிகளின் முதலாவதிலிருந்து மூன்றாவது வரை அளந்து பாதியாக்குங்கள். ஏறத்தாழ 8.25 மில்லிமீற்றர் வந்தால் அது 0.325 அங்குலச் சங்கிலி, அதற்கு 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரம். 9.5 வந்தால் எட்டில் மூன்று அங்குலம்; அதிலும் சிறிய வாள்களில் வரும் தாழ்ந்த சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர், பெரியவற்றுக்கு 5.2. பணியாட்கள் பார் என்று அழைக்கும் நீண்ட தகட்டின் அடியிலும் இந்த அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும், ஒயில் அழுக்கைத் துடைத்தால் வாசிக்கலாம். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, பெரும்பாலான சங்கிலிகளில் 30 பாகைச் சரிவில், முன்தள்ளும்போது மட்டும் அழுத்தி ஓட்டுங்கள். மிகக் கெட்டுப்போன பல்லைத் தேடி அதைச் சரியாகும் வரை தேய்த்து, பின்பு ஏனைய பற்கள் அனைத்தையும், இரு வரிசைகளிலும், அதன் நீளத்துக்கே கொண்டுவர வேண்டும். நல்ல பற்களைத் தேய்ப்பது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நீளம் சமமாகாத வரை வளைவு போகாது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் திமில் போல் நிற்கும் சிறு மேடு, பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்திருக்க வேண்டும். அதை மேலும் தேய்த்தால் வேகமாக வெட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. வாள் அதிர்ந்து எகிறும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சங்கிலியைக் கூராக்கியும் வளைந்தால் பாரின் இரு விளிம்புகளும் ஒரே உயரமா என்று மட்டமான பலகையில் நிறுத்திப் பாருங்கள். ஒரு விளிம்பு தேய்ந்திருப்பின் தட்டை அரத்தால் சமப்படுத்தலாம். ஒவ்வொரு முறை கூராக்கும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் ஒரே அளவில் தேயும். கடற்கரைப் பக்கத்து வாசகர்களுக்கும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை: பனையும் தென்னையும் விழுந்து மணலில் உருண்டு கிடந்தால் அவற்றை வாளியில் நீரெடுத்துக் கழுவிய பின்னரே அரியுங்கள். மணல் ஆணியைப் போல் ஒரு வரிசையோடு நிற்பதில்லை, எல்லாப் பற்களையும் ஒருசேர மழுக்கும்.

கேள்வி: என் வளவில் காய்த்து ஓய்ந்த பலா ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாளும் என்னிடம் உள்ளது. நானே வெட்டலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: சொந்த வளவாக இருந்தாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றும் வருகின்றன. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுங்கள். பலகையை வளவுக்கு வெளியே கொண்டு செல்வதாயின் போக்குவரத்து அனுமதிப் பத்திரம் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சங்கிலி ஒயிலின் விலை கூடிவிட்டது. கராஜில் கழித்து ஊற்றும் பழைய எஞ்சின் ஒயிலை வடித்துப் பாவிக்கலாமா?
— வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். அதில் துணியில் வடியாத உலோகத் துகள்கள் இருக்கின்றன. அவை ஒயில் பம்பையும் பாரின் பள்ளத்தையும் அராவும். உடலுக்கும் கேடு, ஏனெனில் சங்கிலியிலிருந்து தெறிப்பது உங்கள் கையிலும் மூச்சிலும்தான் சேர்கிறது. சங்கிலி ஒயில் கிடைக்காத நாளில் புதிய எஸ்ஏஈ 30 எஞ்சின் ஒயிலை ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றுபவர்களும் உண்டு; உடனே பாவித்து முடித்தால் பாதகமில்லை, தாங்கியில் கிடந்தால் சிக்குப் பிடித்துப் பம்பை அடைக்கும். பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் இந்த ஒயிலையும் நிரப்புங்கள். வெட்டத் தொடங்குமுன் வாளின் நுனியை ஒரு வெளிறிய அட்டைக்கு மேலே, தொடாமல் பிடித்து எஞ்சினைச் சற்று உயர்த்தினால் அட்டையில் ஒயில் கோடாக விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, அதன் அடியிலுள்ள ஒயில் துளையில் அடைந்திருக்கும் மரத்தூளைக் குச்சியால் எடுங்கள்.